நானூற்றுப் பன்னிரண்டு ஏக்கர் வீட்டுத்தோட்டம்

உலகத்தில் சில நாடுகள் வாளால் உயர்ந்தன. சில நாடுகள் கப்பலால் உயர்ந்தன. கத்தரிக்காயால் உயர்வது என்று கூட்டம் போட்டுத் தீர்மானித்த முதலாவது மாவட்டம் இலங்கையின் மாத்தளை. அந்தத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியபோது அதே அறையில், கால் ஆடுகிற ஒரு நாற்காலியில், நானும் உட்கார்ந்திருந்தேன். சரித்திரம் நடக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பாக்கியம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. எனக்கு அது மாதச் சம்பளத்தோடு வாய்த்தது.

ஆண்டு ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்து மூன்று. கடையில் மிளகாய் இல்லை, வெங்காயம் இல்லை, மாவு இல்லை. பாண் ரொட்டிக்கு வரிசை. அரிசிக்குக் கூப்பன். செவ்வாயும் வெள்ளியும் சாப்பாட்டுக் கடைகளில் சோறு கிடையாது. விடயம் தெரியாத சனங்கள் இதைப் பஞ்சம் என்று சொல்லித் திரிந்தார்கள். எமது காரியாலயத்தில் இதற்கு முறையான பெயர் இருந்தது: ‘அரிய வாய்ப்பு’.

‘வீட்டுத்தோட்ட ஊக்குவிப்புக் காரியாலயம்’ மாத்தளைப் பட்டணத்தில், ஒரு இரும்புக்கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. மண்ணோடு எங்களுக்கு இருந்த ஒரே தொடர்பு, படியேறி வருகிறவர்களின் செருப்பு. ஆனாலும் காரியாலயத்துக்குச் சொந்தமாக ஒரு பயிர் உண்டு. உதவிப் பணிப்பாளர் ஜனாப் பலீல் அவர்களின் மேசை மேல், ஒரு பால் டின்னில், கொச்சிக்காய்ச் செடி ஒன்று, மிளகாய்தான், நின்றது. அதற்குத் தனிக் கோப்பு. அதில் ஒரு காய் காய்த்தபோது கொழும்புக்குத் தந்தி போனது. காய் உதிர்ந்தபோது, உதிர்ந்தமைக்கான காரணத்தை ஆராய மூவர் கொண்ட உபகுழு நியமிக்கப்பட்டது. உபகுழு இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறது.

பலீல் சேர் கொழும்பிலிருந்து மாற்றலாகி வந்தவர். சீமெந்து முற்றம் போட்ட வீட்டில் குடியிருந்தார். கூட்டங்களில் அச்சடித்த தமிழில் பேசுவார். கோபம் வந்தால் வீட்டுத் தமிழுக்கு இறங்குவார். அவரையும் என்னையும் சேர்த்து நிறைவேற்றுக் குழுவில் ஏழு பேர். தட்டெழுத்தாளர் ஹிதாயா கூட்டத்தில் இருப்பார், ஆனால் குழுவில் இல்லை. இதை அவர் மறந்துவிடுவார் என்பதுதான் எங்களுக்கு இருந்த ஒரே நிர்வாகப் பிரச்சினை.

நான் மொழிபெயர்ப்பாளன். பெயர் புஹாரி. ‘வீட்டுத்தோட்டத்தின் பன்னிரண்டு நன்மைகள்’ என்ற கைநூலைத் தமிழில் ஆக்கியவன் நான்தான். முதலாவது நன்மை, தேகாரோக்கியம். மூன்றாவது, அயலவரோடு நல்லுறவு. ஐந்தாவது, ‘பெண்களின் ஓய்வு நேரம் பயனுள்ள வழியில் கழியும்’. இதை நான் வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டியபோது என் மனைவி கைறுன்னிஸா அம்மியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

“ஓய்வு நேரமா? அது எந்தக் கடையில கூப்பனுக்குக் குடுக்கிறாங்க?”

“இது பொதுவா எழுதினது.”

“ஊருக்கெல்லாம் தோட்டம் போடச் சொல்றீங்க. நம்ம வூட்டுல கறிவேப்பிலைக்கும் பக்கத்து வூட்டு மதிலைத்தான் எட்டிப் பாக்க வேண்டி ஈக்கி.”

“அதுதான் மூணாவது நன்மை. அயலவரோடு நல்லுறவு.”

கைறுன்னிஸா மறுபடி அம்மியைப் பிடித்துக்கொண்டாள். கைநூலின் இரண்டாம் பதிப்பில் அவள் கருத்து சேர்க்கப்படவில்லை.

இனி, வரலாற்றுச் சிறப்பு மிக்க படிவத்துக்கு வருகிறேன். மாவட்டங்களுக்கிடையில் ஒரு வீட்டுத்தோட்டப் போட்டி. எந்த மாவட்டத்தில் அதிக நிலம் மரக்கறிக்கு வருகிறதோ அதற்கு வெள்ளிக் கிண்ணம். அந்த மாவட்ட அதிகாரிக்குப் பதவி உயர்வு ‘பரிசீலிக்கப்படும்’. படிவம் சிங்களத்தில் வந்தது. அதில் ‘கெவத்த’ என்றிருந்தது. நான் ‘வீட்டுத்தோட்டம்’ என்று எழுதினேன். ஏழு கேள்விகள், ஏழிலும் வீட்டுத்தோட்டம்.

பலீல் சேர் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

“தலைப்பில ஒரு தரம் ‘வீட்டுத்தோட்டம்’னு போட்டாச்சுதானே, புஹாரி. பொறகு கேள்விக்குக் கேள்வி ‘வீட்டு’ ‘வீட்டு’ என்று என்னத்துக்கு? நாட்டில காகிதத் தட்டுப்பாடு.”

இவ்வாறு ஏழு ‘வீட்டு’க்கள் சிக்கனப்படுத்தப்பட்டன. ஒரு படிவத்துக்குக் காலங்குலம் மிச்சம். இரண்டாவது கேள்வி இப்படி அமைந்தது: ‘உமது தோட்டம் எது?’

மாத்தளைப் பட்டணத்தை விட்டு ரத்தோட்டைப் பக்கம் நாலு மைல் ஏறிவிட்டால் ‘தோட்டம்’ என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். நீங்க எந்தத் தோட்டம் என்று ஒருவரைக் கேட்டால், பிறந்த இடம், வேலை செய்கிற மலை, படுக்கிற லயம், புதைக்கப்போகிற மண் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பெயர் சொல்வார்கள். அது தேயிலைத் தோட்டத்தின் பெயர். இது எனக்குத் தெரியும். பட்டணத்தில் பிறந்த எவனுக்கும் தெரியும். ஆனால் என் உத்தியோகம் மொழிபெயர்ப்பு. தெரிந்ததைச் சொல்வது வேறு உத்தியோகம். அதற்கு ஆள் எடுக்கவில்லை.

படிவங்கள் போயின. பட்டணத்திலிருந்து பதினொன்று திரும்பி வந்தன. பதினொன்றும் உத்தியோகத்தர்களின் மனைவிமார் நிரப்பியவை. பதினொரு தோட்டங்களையும் கூட்டினால் ஒரு கரம் விளையாட்டுப் பலகையின் பரப்புக்குக் கொஞ்சம் குறைவு. தோட்டப் பகுதிகளுக்கு அனுப்பிய இருநூறில் ஒன்று மட்டும் வந்தது. பென்சிலால், ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக நிற்கவைத்து எழுதியிருந்தது. ஹிதாயா அதைக் கூட்டத்தில் வாசித்தார்.

“பெயர், வேலம்மா. உமது தோட்டம் எது? கூனிமலை. தோட்டத்தின் பரப்பு? நானூற்றுப் பன்னிரண்டு ஏக்கர்.”

பலீல் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“பயிர் வகை. இலை, காய், கிழங்கு. பொருந்தியதன் கீழ் கோடிடுக. இலைக்குக் கீழ கோடு போட்டிருக்கு சேர். நாளொன்றுக்கு நீர் பறிக்கும் அளவு? முப்பத்தைந்து இறாத்தல்.”

“முப்பத்தைந்து இறாத்தல் இலைக்கறி,” என்றார் பலீல் சேர் மெதுவாக. “ஒரு பெண். ஒரே நாளில். எந்த இலை? வல்லாரையா, முளைக்கீரையா?”

“இலைன்னு மட்டும்தான் இருக்கு சேர்.”

“அடக்கம்.”

“தோட்டத்தில் பாடுபடுவோர் எத்தனை பேர்? அறுநூற்றுப் பத்து.”

“அயலவரோடு நல்லுறவு,” என்றேன் நான். கைநூலை ஆக்கியவன் என்ற முறையில் அது என் கடமை.

“ஏழாவது, கடைசிக் கேள்வி. விளைவதை உண்போர் யார், எத்தனை பேர்? அதுக்கு இப்படி எழுதியிருக்காங்க: தெரியாது ஐயா. எல்லாம் லொறியில் போகிறது.”

பலீல் சேர் எழுந்து நின்றார். அவர் எழுந்ததால் நாங்களும் எழுந்தோம்.

“உபரி,” என்றார். “முழு விளைச்சலும் உபரி. தனக்கென்று ஓர் இலையைக்கூட வைத்துக்கொள்ளாமல் நாட்டுக்கு அனுப்பும் இப்படிப்பட்ட ஒரு குடும்பத்தை வேறு எந்த மாவட்டம் பெற்றிருக்கிறது?”

“சேர்,” என்றார் ஹிதாயா, “கூனிமலைல தேயிலதானே?”

அந்த அறையில் அது தெரியாதவர் யாரும் இருக்கவில்லை. கொச்சிக்காய்ச் செடிக்கும் தெரிந்திருக்கும். எல்லோரும் ஹிதாயாவைப் பார்த்தோம், விருந்தில் சாப்பாட்டுச் செலவைச் சொன்னவரைப் பார்ப்பது போல.

“தட்டெழுத்தாளர்,” என்றார் பலீல் சேர், “தட்டெழுதுவார்.”

தட்டெழுதினார். மாத்தளை மாவட்டம் ஒரே படிவத்தில் ஏழாம் இடத்திலிருந்து முதலாம் இடத்துக்கு ஏறியது.

திருமதி வேலம்மா அவர்களுக்குத் ‘தன்னிறைவுக் குடும்பம்’ என்ற சான்றிதழ் பதிவுத் தபாலில் போனது. நெற்கதிர் கரை போட்ட, ஓரம் பொன்னிறமான, நல்ல கனத்த காகிதம். காகிதத் தட்டுப்பாடு அதைப் பாதிக்கவில்லை. கூடவே ஒரு கடிதமும் போனது. தன்னிறைவு பெற்ற வீட்டார் தமது அரிசிக் கூப்பனை நாட்டுக்காக ‘மனமுவந்து’ விட்டுக்கொடுப்பர் என்று எமது காரியாலயம் தீர்மானித்திருந்தது. மனமுவந்ததற்கான ஒப்புதல் போட்டிப் படிவத்தின் அடியிலேயே இருந்தது. முப்பத்தோரு சொற்கள் கொண்ட ஒரே வாக்கியம். என் மொழிபெயர்ப்புத்தான். அதன் அர்த்தம் எனக்கும் இன்றுவரை பிடிபடவில்லை. அதன் கீழே வேலம்மா கையொப்பமிட்டிருந்தார். கடிதத்தின் பிரதி கூப்பன் பதிகிற இடத்துக்கும் போனது. அந்தக் குடும்பத்தின் பெயருக்கு நேரே ஒரு கோடு விழுந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு பெண் மாடிப்படி ஏறி வந்தார். நாற்பது வயது இருக்கலாம். தலையில் கூடைக் கயிறு அழுந்திய தடம். கையில், செய்தித்தாளில் சுற்றிய சான்றிதழ். வாசலில் இருந்த பியோன் “யாரம்மா நீ?” என்று அதட்டினார். அவர் பெயரைச் சொன்னார். பியோன் எழுந்து கதவைத் திறந்துவிட்டார். எமது காரியாலயம் நில உடைமையாளர்களை மதிக்கத் தெரிந்தது.

“ஐயா, இதைத் திருப்பி எடுத்துக்கிட்டு எங்க கூப்பனைக் குடுங்க,” என்றார் வேலம்மா. “மூணு கிழமையா அரிசி இல்லைங்க. வூட்டுக்காரருக்குச் சொகமில்லாம கெடக்கு. ரெண்டு புள்ளைங்க. பூசணி இலையை அவிச்சு அவிச்சுக் குடுத்து, பச்சையக் கண்டாலே புள்ளைங்க ஓடுதுங்க.”

நான் ரெஜிஸ்டரைத் திறந்தேன். “நீங்க நானூற்றுப் பன்னிரண்டு ஏக்கர் காட்டியிருக்கிறீங்களே அம்மா.”

“ஆமாங்க. அம்புட்டுத்தான் எங்க தோட்டம்.”

“அப்ப சரிதானே.”

“எங்க தோட்டம்னுதான் சொன்னேன். எங்களுதுன்னு சொல்லலீங்களே.”

ஹிதாயாவின் யந்திரம் நின்றது. இருபது வருட மொழிபெயர்ப்பில் இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் இத்தனை ஏக்கர் இருப்பதை நான் அளந்து பார்த்ததில்லை.

“தலைப்பில் ‘வீட்டுத்தோட்டம்’ என்று போட்டிருந்ததே?” என்றேன்.

“பாத்தேங்க. வீடுன்னு எங்களுக்கு ஒண்ணும் இல்லை, லயத்துக் காம்பராதான். அதனால அதை வுட்டுட்டேன். தோட்டம்னு கேட்டிருந்திச்சு, தோட்டத்தை எழுதுனேன். எத்தனை றாத்தல் எடுப்பேன்னு கேட்டிருந்திச்சு, எழுதுனேன். பொய் ஒண்ணுமில்லைங்களே.”

“பொய் இல்லை. எதற்காக நிரப்பினீங்க?”

“நெரப்பி அனுப்புனா வெதை தருவோம்னு கீழ போட்டிருந்திச்சு. போஞ்சி வெதை.” கொஞ்சம் தயங்கி, “அது இன்னும் வரலீங்க,” என்றார்.

விதைப் பொதிகள் பற்றிய கோப்பு வேறு அலுமாரியில் இருந்தது.

“லயத்துல எல்லாம் சிரிக்கிறாளுங்க ஐயா. நல்லம்மான்னு பக்கத்துக் காம்பராக்காரி. காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்கு நிக்கிறப்ப, ‘தொரைசானி வந்தாச்சு, வழி வுடுங்கடி’ங்கிறா. சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாளுங்க. எனக்கு அரிசி வேணுங்க.”

நான் பலீல் சேரின் அறைக்குப் போனேன். வெளியே வந்திருப்பது யார் என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது; எதற்கு என்று கேட்டதும் உதிர்ந்தது.

“பதிவைத் திருத்தச் சொல்றாங்களா?”

“கூப்பனைத் திருப்பித் தரச் சொல்றாங்க சேர்.”

“அது ரெண்டும் ஒண்ணுதானே. நானூற்றுப் பன்னிரண்டைக் கழிச்சா நம்ம மாவட்டத்தில என்ன மிஞ்சும்?”

“கரம் பலகை சேர்.”

நீண்ட நேரம் கொச்சிக்காய்ச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முடிவு பிறந்தது. பெரிய மனிதர்களுக்குச் செடியைப் பார்த்தாலே முடிவு பிறக்கும்.

“போட்டிக் கோப்பைத் தொட வேண்டாம். அது கொழும்புக்குப் போனது, போனதுதான். கூப்பனுக்கு வேறு கோப்புத் திறங்க. அதில ஒம்பதாம் இலக்கப் படிவம். ‘மேற்படி நபரிடம் மரக்கறிச் செடியோ கொடியோ எதுவும் இல்லையென நேரில் கண்டு உறுதிப்படுத்துகிறேன்.’ நானே போய்ப் பாத்து ஒப்பமிடுறேன்.”

“ஒரு கோப்பில் நானூற்றுப் பன்னிரண்டு ஏக்கர், ஒரு கோப்பில் ஒன்றுமில்லை. பிரச்சினை வராதா சேர்?”

“ரெண்டையும் வேற வேற அலுமாரியில வைங்க.”

மறு வாரம் ஜீப் கூனிமலைக்கு ஏறியது. ரிவர்ஸ்டன் மலைப் பக்கத்து மூட்டம் இறங்கி, பாதையில் பத்து அடிக்கு மேல் தெரியவில்லை. மூட்டத்துக்குள் இருந்து தேயிலை வந்தது. தேயிலைக்குப் பின்னால் தேயிலை வந்தது. பலீல் சேர் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தார்.

“நல்ல பராமரிப்பு,” என்றார்.

தொரை பங்களாவில் இருந்தார்; கணக்கப்பிள்ளை பொன்னையா எங்களை லயத்துக்கு அழைத்துப் போனார். வேலம்மா காம்பரா வாசலில் நின்றார். நல்லம்மாவும் நின்றார், வேறு பத்துப் பெண்களும் நின்றார்கள்.

“தொரைசானி, ஒன் தோட்டத்தைப் பாக்க ஆள் வந்திருக்கு. பங்களாவுக்குக் கூட்டிட்டுப் போ,” என்றார் நல்லம்மா. சிரிப்பு எழுந்தது. வேலம்மா சிரிக்கவில்லை.

பலீல் சேர் காம்பராவுக்குள் எட்டிப் பார்த்தார். பத்தடிக்குப் பன்னிரண்டடி. பாயில் ஒருவர் முகத்தை மூடிப் படுத்திருந்தார். அடுப்பில் ஒரு சட்டி. அதில் பச்சையாக ஏதோ கொதித்தது. “இங்கே தாவரம் எதுவும் இல்லை,” என்றார் பலீல் சேர். நான் எழுதிக்கொண்டேன். காரியம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் கடமையுணர்ச்சி அவரை லயத்தின் பின்பக்கம் நடக்க வைத்தது.

அங்கே, தண்ணீர் ஓடுகிற கானின் ஓரத்தில், இரண்டு முழ அகலத்துக்குக் கொத்தி, சாணம் போட்டு, கல் அடுக்கியிருந்தது. அதில் ஒரு பூசணிக் கொடி. கொடி தகரக் கூரை வரை ஏறியிருந்தது. இலைகள் பாதிக்கு மேல் கிள்ளப்பட்டிருந்தன. கீழே வைக்கோல் போட்டு, அதன் மேல் குழந்தையைக் கிடத்தியது போல ஒரு பெரிய பூசணிக்காய்.

நான் இதைச் சொல்லியாக வேண்டும். காரியாலயம் திறந்து இரண்டு வருடத்தில், கைநூலில் உள்ளபடி, வீட்டுக்கு அருகே, வீட்டார் உழைப்பில், வீட்டார் உண்பதற்காகப் போட்ட ஒரு வீட்டுத்தோட்டத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டோம்.

“இது என்ன?” என்றார் பலீல் சேர்.

“பூசணிங்க,” என்றார் வேலம்மா.

“வட்டக்காய் என்பது எனக்கும் தெரியும். இதைப் படிவத்தில் ஏன் காட்டவில்லை?”

“இது தோட்டம் இல்லீங்களே ஐயா. கான் ஓரத்துல ஒரு கொடி போட்டிருக்கேன். அம்புட்டுத்தான்.”

பலீல் சேர் என் பக்கம் திரும்பினார். நெற்றி வியர்த்திருந்தது. “ஒம்பதாம் படிவத்தில எப்படி ஒப்பம் வைக்கிற, புஹாரி? செடியோ கொடியோ எதுவும் இல்லைன்னு ஈக்கி. கொடி கண்ணுக்கு முன்னால நிக்கிது.”

“ஒரு கொடிதானே சேர்.”

“கண்ணால கண்டதை இல்லைன்னு எழுதுறதா? இந்த உத்தியோகக் கதிரை நம்பி ஒப்படைச்ச ஒரு அமானிதம். பொய்யில ஒப்பம் வைக்க மாட்டேன்.”

மாத்தளை மாவட்டத்தின் நானூற்றுப் பன்னிரண்டு ஏக்கர் கீரையில் அதே கை, அதே பேனாவால் ஒப்பம் வைத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மொழிபெயர்க்க அதில் ஒன்றும் இருக்கவில்லை.

கணக்கப்பிள்ளை பொன்னையா தொண்டையைச் செருமினார். “கான்ல பயிர் போடக் கூடாதுன்னு தொரை ஓடருங்க. ஒரு வருஷமா நான் இந்தப் பக்கமே திரும்பிப் பாக்காம போய்க்கிட்டிருந்தேன். இப்ப நீங்க பாத்துட்டீங்க. இனி நானும் பாக்கணுமே.”

வேலம்மா என்னைப் பார்த்தார். அவர் மொழி தெரிந்த உத்தியோகத்தன் நான் என்று நினைத்திருக்க வேண்டும்.

“கொடி இருந்தா அரிசி இல்லை. அப்படித்தானுங்களே?”

“அப்படித்தான்.”

“கொடி இல்லாட்டி?”

“இப்பவே ஒப்பம் வைப்பார்.”

வேலம்மா முந்தானையை மடித்து இடுப்பில் செருகி மடியாக்கினார். முதலில் இலைகளைப் பறித்தார். ஒரு நாளைக்கு முப்பத்தைந்து இறாத்தல் பறிக்கிற கை. இரண்டு கையும் மாறி மாறிப் போக, ஒரு நிமிடத்தில் கொடி மொட்டையாகிவிட்டது. பெண்கள் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்கள். நல்லம்மா முன்னால் வந்து, கூரையில் சிக்கியிருந்த நுனியைப் பேசாமல் எடுத்துக் கொடுத்தார். வேலம்மா குனிந்து, தண்டின் அடியை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தார். வேர் மண்ணோடு வந்தது. மண்ணைக் கானிலேயே உதறினார்.

“இப்ப எழுதுங்க ஐயா.”

எழுதினேன். பலீல் சேர் ஜீப்பின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து, மனச்சாட்சி சுத்தமாக, ஒப்பம் வைத்தார்.

வேலம்மா பூசணிக்காயைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு காம்பராவை நோக்கி நடந்தார்.

“அது?” என்றார் பலீல் சேர்.

“காய்ங்க. கொடியில இல்லையே இப்ப.”

“காய் இருந்தால் கொடி இருந்ததற்குச் சாட்சி. நாளைக்கு யாராவது வந்து பார்த்தால் என் ஒப்பம் என்னாவது? அது அத்தாட்சிப் பொருள். காரியாலயத்தில் வைக்கப்பட வேண்டும்.”

“புள்ளைங்களுக்குன்னு வச்சிருந்ததுங்க. திருவிழாவுக்கு வெட்டலாம்னு.”

“பற்றுச்சீட்டு தருவோம்.”

நானே எழுதினேன்: ‘பூசணிக்காய், ஒன்று. நன்றியுடன் பெற்றுக்கொள்ளப்பட்டது.’ அரசாங்கத் தமிழில் நான் எழுதியவற்றுள் இவ்வளவு தெளிவானது வேறில்லை. வேலம்மா பற்றுச்சீட்டை வாங்கி, நாலாக மடித்து, மடியிலிருந்த இலைகளுக்குள் வைத்துக்கொண்டார். ஜீப் இறங்கும் வழியெல்லாம் பூசணிக்காய் பின்னாசனத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது. வளைவுகளில் என் மேல் சாய்ந்தது.

கூப்பன் திரும்பப் போனது. பத்தே நாளில் போனது. எமது காரியாலயத்தின் வேகத்துக்கு இது ஒரு சாதனை. அந்தக் கிழமை கூப்பனுக்குக் கொடுக்கக் கடையில் அரிசி இருந்ததா என்று கேட்காதீர்கள். அது வேறு காரியாலயம்.

வெள்ளிக் கிண்ணமும் வந்தது. பாராட்டுக் கூட்டம் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது. நிறைவேற்றுக் குழு ஏழு பேரும் சமுகமளித்தோம். கிண்ணத்துக்குப் பக்கத்தில் காட்சிக்கு வைக்க மாவட்டத்தின் விளைபொருள் ஏதாவது வேண்டும் என்றார்கள். காரியாலயத்தின் வசம் இருந்தது ஒன்றே ஒன்று. அலுமாரியிலிருந்து அது எடுத்து வரப்பட்டது. பலீல் சேர் அதை இரண்டு கையாலும் ஏந்திப் படம் பிடித்துக்கொண்டார். படத்தில் கொச்சிக்காய்ச் செடியும் தெரிகிறது, கொஞ்சம் பொறாமையோடு.

படம் பிடித்து முடிந்ததும், அத்தாட்சிப் பொருள் அழுகினால் கோப்புக்கு அவமானம் என்று ஓர் உறுப்பினர் சுட்டிக்காட்டினார். அதைச் சமைக்கும் பிரேரணை ஏகமனதாக நிறைவேறியது. தேங்காய்ப்பால் விட்டு, கடுகு அரைத்துப் போட்டு, மாசிக்கருவாடு தூவி, பகல் ஒரு மணிக்குள் கறியாக வந்துவிட்டது. செவ்வாய் ஆகையால் அதோடு என்ன சாப்பிட்டோம் என்பது கூட்ட அறிக்கையில் இல்லை. வெள்ளையாக இருந்தது என்று மட்டும் சொல்லலாம்.

ருசியைப் பற்றி நான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நன்றாக இருந்தது. வீட்டில் விளைந்த மரக்கறியின் ருசி கடையில் வாங்கியதற்கு வராது என்பது கைநூலின் எட்டாவது நன்மை. அதை மொழிபெயர்த்தபோது நான் நம்பவில்லை. இரண்டாந்தரம் போட்டுக்கொண்டபோது நம்பினேன்.

ஹிதாயாவுக்கும் ஒரு கோப்பைக் கறி நீட்டினேன்.

“எனக்கு வேணாம்,” என்றார். “நான் குழுவில இல்லைதானே.”

சாப்பாடு முடிந்து மற்றவர்கள் கை துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் யந்திரத்தில் ஒரு காகிதத்தை ஏற்றினார். வெற்றி பெற்ற மாவட்டம் இறுதி அறிக்கையை அதே படிவத்தில், மூன்று பிரதிகளில், அன்றைக்கே அனுப்ப வேண்டும். நான் வாசிக்க வாசிக்க அவர் தட்டெழுதினார். தோட்டம், கூனிமலை. பரப்பு, நானூற்றுப் பன்னிரண்டு ஏக்கர். பாடுபடுவோர், அறுநூற்றுப் பத்து. ஆறு கேள்விகளும் தடங்கலின்றிப் போயின.

“ஏழாவது,” என்றார் ஹிதாயா. “விளைவதை உண்போர் யார், எத்தனை பேர்? போன தரம் தெரியாதுன்னு வந்திருந்திச்சு.”

“இந்தத் தரம் தெரியும்,” என்றேன். மேசையைச் சுற்றி எண்ணினேன். “ஏழு பேர்.”

அவர் விரல்கள் எழுத்துகளின் மேல் நின்றன.

“உங்களையும் சேத்தா, புஹாரி நானா?”

“என்னையும் சேர்த்துத்தான்.”